ஜாமீன் கையெழுத்து

“சினிமாவுக்குப் போகிறேன்” என்று சொல்லி வீட்டில் அனுமதி வாங்கிய பெண் என் வகுப்புகளில் இதுவரை ஒருத்திகூட இல்லை. “இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறேன்” என்று சொல்லி வாங்கியவர்கள் நிறையப் பேர். போகிற இடம் இரண்டிலும் ஒன்றுதான். சாலிகிராமத்தில் அதே எடிட்டிங் அறை, வளசரவாக்கத்தில் அதே தயாரிப்பு அலுவலகம், வேலை முடிந்து வெளியே வரும் அதே ராத்திரி 9 மணி. நடுவில் மாறியிருப்பது, கல்லூரியின் பெயர் அச்சிட்டு, துறைத்தலைவர் கையெழுத்திட்டு, முத்திரை குத்திய ஒரு தாள். அந்தத் தாளைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

தென்மாவட்ட நகரம் ஒன்றின் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு, எல்லோரும் சொல்கிறபடி விஸ்காம் மாணவர்களுக்கு, பகுதி ஒன்று தமிழ் என் பொறுப்பு. அவர்களுடைய துறையில் ஆசிரியைகளை ‘மேம்’ என்று கூப்பிடுகிறவர்கள் தமிழ்த்துறைக்கு வந்ததும் ‘அம்மா’ என்பார்கள். அதனாலேயோ என்னவோ, கேமரா பற்றி எதுவும் கேட்காத பிள்ளைகள் வீட்டைப் பற்றி என்னிடம் பேசுகிறார்கள்.

இப்போது கல்லூரி மேடைகளில் புதிதாகப் புழங்கும் சொல், படைப்புப் பொருளாதாரம். உள்ளூர்த் திரைத்துறையையும் டிஜிட்டல் ஊடகத்தையும் பல்கலைக்கழகங்கள் தாங்கி வளர்க்க வேண்டும், படிக்கும்போதே மாணவர்கள் களத்துக்குப் போக வேண்டும் என்கிறார்கள். இதில் மறுக்க எதுவுமில்லை. தமிழில் பொருள் என்றால் செல்வம், அர்த்தமும் பொருள்தான். ஒரு பெண் தன் ஊரின் கதையைத் தானே படமாக்கி, அதிலேயே பிழைக்கவும் முடிந்தால் இரண்டு பொருளும் அவளுக்குக் கைகூடும். என் கேள்வி அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. தன் மாணவியை இன்னொருவரின் தொழிலிடத்துக்கு அனுப்பும்போது கல்லூரி யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது? அந்த வாக்கு பொய்த்தால் யார் பொறுப்பு?

அந்தத் தாளின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் அது இல்லாத காலத்தைப் பார்க்க வேண்டும். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, சிறுமியாக இருக்கும்போதே மணமுடிக்கப்பட்டு, அந்த மணம் முறிந்து, நாடகக் குழுவுக்கு வந்தவர். 1936-இல் ‘மிஸ் கமலா’ படத்தை அவரே இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று இன்று நாம் கொண்டாடும் அவருக்காக எந்த நிறுவனமும் முன்னால் வந்து நிற்கவில்லை. இனி இழப்பதற்கு ‘நல்ல பெயர்’ இல்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்ட பெண்களுக்குத்தான் அன்று மேடையும் திரையும் திறந்திருந்தன.

அதே 1936-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவல் வெளிவந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை அதன் உள்ளிருந்து அறிந்து எதிர்த்தவர் அவர். ஒரு பெண்ணின் கலையால் பயன்பெறுகிறவர்கள் அவளுக்காக எதற்குப் பொறுப்பேற்கிறார்கள் என்ற கேள்வியாகத்தான் நான் அந்த நாவலை வாசிக்கிறேன். இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது. என் விஸ்காம் வகுப்பிலும் அதைப் பெறுகிறவர்கள் உண்டு. கேமரா கற்கும் பெண்ணின் பஸ் செலவுக்கு அம்மையார் பெயரில் பணம் வருகிறது. அம்மையாரின் கேள்வியும் அந்தப் பணத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்பது என் ஆசை.

ராஜலட்சுமிக்கு அரை நூற்றாண்டு கழித்து, 1985-இல், ‘சின்ன வீடு’ படத்தின் ஒளிப்பதிவாளராக பி.ஆர். விஜயலட்சுமி வந்தார். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவியைத் தோளில் ஏற்றிய அவருடைய துணிவும் திறமையும் அவருடையவை. அவர் இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள் என்பதும் உண்மை. ஸ்டுடியோவின் வாசல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வாசல். கம்பத்திலோ சாத்தூரிலோ பிறந்த பெண்ணுக்கு அப்படி ஒரு அப்பா கிடையாது. அந்த அப்பாவின் இடத்தில்தான் கல்லூரி வந்து நிற்கிறது. விஸ்காம் துறைகள் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள்வரை பரவியதில் எனக்கு மகிழ்ச்சி தரும் விஷயம் இதுதான். ஸ்டுடியோவும் பசுமைத் திரையும் வாடகைக்குக்கூடக் கிடைக்கும். பெண்ணைப் பெற்றவர்களின் சம்மதம் எங்கே வாடகைக்குக் கிடைக்கும்? கல்லூரி அதை வாங்கிக் கொடுத்தது.

ஆனால் எதை அடகு வைத்து வாங்கியது?

இன்டர்ன்ஷிப் காலம் வந்தால் பெற்றோர்கள் துறைக்கு வருவார்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா. அவர்கள் கேட்பது எல்லாமே ஒரே கேள்விதான். “காலேஜ்ல இருந்துதானம்மா அனுப்புறீங்க? அப்ப நீங்க பாத்துக்கிருவீங்கள்ல?” அந்த நிறுவனம் எது, அங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், சம்பளம் உண்டா என்று அவர்கள் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கல்லூரி ஒன்றுதான். அதை நம்பித்தான் தெரியாத ஒருவரிடம் மகளை அனுப்புகிறார்கள்.

இதற்கு நம் ஊரில் பெயர் உண்டு. ஜாமீன். கடன் கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது, ஜாமீன்தாரரைத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பணம் கைமாறுகிறது. வாங்கியவர் ஏமாற்றினால் ஜாமீன் போட்டவர் கட்ட வேண்டும். என் மாணவிகளின் அம்மாக்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மகளிர் குழுக்களில் கடன் வாங்குகிறவர்கள் அவர்கள். ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். நகையை வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தடுமாறும் பெண்கள் தங்கள் கையெழுத்துக்கு இத்தனை பெரிய விலை கொடுக்கும்போது, ஒரு கல்லூரியின் கையெழுத்துக்கு விலையே இல்லாமல் இருக்க முடியுமா?

இன்று நடப்பது என்னவென்றால், கையெழுத்துப் போட்டது கல்லூரி. ஜாமீனாக நிற்பது மாணவி. அனுப்பும் முன் நடக்கும் கூட்டத்தில் பெண்களிடம் சொல்லப்படுவதைக் கேட்டால் இது புரியும். “நீங்க ஒழுங்கா நடந்துக்கிட்டாதான் அடுத்த பேட்ச்சை எடுப்பாங்க. காலேஜ் பேரு உங்க கைலதான் இருக்கு.” மூன்று வருடம் கழித்து வரப்போகும், இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பெண்களின் வாய்ப்பும் இருபது வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் ஏற்றப்படுகிறது. அங்கே அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் அவள் முதலில் யோசிப்பது தன்னைப் பற்றியா, கல்லூரியின் பெயரைப் பற்றியா? என்னிடம் பேசிய ஒரு பெண், ஒரு மாதம் முழுக்க இரவு 11 மணிவரை எடிட்டிங் அறையில் இருக்க வைக்கப்பட்டவள், சொன்னாள்: “சொல்லியிருக்கலாம்மா. சொன்னா இனிமே கேர்ள்ஸே வேண்டாம்னு சொல்லிருவாங்க. ஜூனியர்ஸ் பாவம்ல.” அவள் ஜூனியர்களுக்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாங்காத கடன் அது.

ஆதரவு எந்தப் பக்கமாகப் பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும்போது சால்வை போர்த்துகிறார்கள், படம் எடுத்து நாளிதழுக்கு அனுப்புகிறார்கள். நான் படித்துப் பார்த்த ஒப்பந்தங்களில் சிறப்புரை, பயிலரங்கம், தொழில் அனுபவம் எல்லாம் இருந்தன. வேலை நேரம் இல்லை. சாப்பாடு, போக்குவரத்து, ஊதியம் இல்லை. பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது என்பது இல்லை. படப்பிடிப்பில் லைட் தூக்குகிறவருக்கும் பேட்டா உண்டு. அதற்காகப் போராடிப் பெற்ற சங்கம் அவருக்கு இருக்கிறது. கல்லூரி அனுப்பிய பிள்ளைக்கு அது கிடையாது. ஏனென்றால் அவள் ‘கற்றுக்கொள்ள’ வந்தவள். அவள் வெட்டி ஒட்டிய காட்சி ஒளிபரப்பாகிறது, விளம்பரம் வருகிறது, பணம் வருகிறது. அவள் சென்னையில் தங்கிய செலவை அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பினார். அப்படியானால் படைப்புப் பொருளாதாரத்தை இந்த ஊரில் ஆதரித்துக்கொண்டிருப்பது யார்? லோடு ஆட்டோ ஓட்டுகிற அந்த மனிதர்தான்.

சம்பளம் இல்லாத வேலை எல்லோருக்கும் ஒரே அளவு செலவு வைப்பதில்லை. அதே வகுப்புப் பையன் வடபழனியில் சீனியர்கள் நாலு பேர் இருக்கும் அறையில் ஐந்தாவது ஆளாகப் படுத்துக்கொள்வான். ஷூட்டிங் முடிய நேரமானால் அங்கேயே ஒரு பெஞ்சில் கண்ணயர்வான். அவனும் சுரண்டப்படுகிறான், வசதியில்லாத வீட்டுப் பையன், தலித் வீட்டுப் பையன், இன்னும் அதிகமாக. பெண்ணுக்கு அந்த ஐந்தாவது ஆளின் இடமும் கிடையாது. அவளுக்குப் பெண்கள் விடுதி வேண்டும், அதற்கு முன்பணம் வேண்டும், இரவில் திரும்ப ஆட்டோ வேண்டும். விடுதிக் கதவு மூடும் நேரத்துக்கும் ஷூட்டிங் முடியும் நேரத்துக்கும் ஒத்துவராது. இலவச உழைப்பு என்பது ஆணுக்கு மூன்று மாதச் சம்பள இழப்பு. பெண்ணுக்கு அதோடு கைப்பணமும் போகிறது. கட்ட முடிந்த வீட்டுப் பெண்கள் போகிறார்கள். முடியாதவர்கள் ஊரிலேயே ஏதாவது போட்டோ ஸ்டுடியோவில் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு ‘பெண்களுக்கு ஆர்வமில்லை’ என்று நாம் பேசுகிறோம்.

படிப்பும் திறமையும் இருந்தால் போதும், தொழில் தானாகத் திறந்துகொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சாரு குரானா ஒப்பனைக் கலையை முறையாகப் பயின்றவர். மும்பைத் திரைத்துறையின் ஒப்பனைக் கலைஞர் சங்கத்தில் பெண்களுக்குச் சிகை அலங்காரத்துக்கு மட்டுமே அட்டை தரப்பட்டது. ஒப்பனைக் கலைஞருக்கான அட்டை ஆண்களுக்கு மட்டும். ஒரு பெண்ணின் முகத்தில் அரிதாரம் பூசப் பெண்ணுக்கு அனுமதியில்லை. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லும்வரை இப்படித்தான் இருந்தது. பயிற்சி கொடுப்பது கல்வியின் பாதி வேலைதான் என்று இந்த வழக்கு எனக்குச் சொல்கிறது. கற்ற கையை வேலை செய்ய விடாத இடத்தில் அந்தக் கைக்காக யார் பேசுவது என்பது மறுபாதி.

கேரளத்தின் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2017-இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு திரைத்துறைப் பெண்கள் ஒன்றுகூடினார்கள். அவர்கள் கேட்டதால் நீதிபதி ஹேமா குழு அமைந்தது. 2019-இன் கடைசி நாளில் அறிக்கை அரசிடம் கொடுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில்தான், பல பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியானது. பாலியல் சுரண்டலைப் பற்றிய பகுதிகள் செய்தியாயின. அதே அறிக்கையில், படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், உடை மாற்ற இடமில்லாததும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததும் இருந்தன. கல்லூரிகள் ‘களம்’ என்று சொல்லும் இடம் இதுதான். தமிழ்நாட்டின் களம் இதிலிருந்து வேறாக இருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தென்படவில்லை. அப்படிப்பட்ட களத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் கல்லூரி, ‘எங்கள் எல்லை கேட்டோடு முடிகிறது’ என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைகள் ‘வளாகம்’ என்ற சொல்லை விளக்கும்போது, கட்டடத்தோடும் மைதானத்தோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. மாணவராக ஒருவர் சென்றுவரும் இடங்கள், போக்குவரத்து, களப்பயணம், குறுகிய காலப் பணி, இன்டர்ன்ஷிப் எல்லாம் வளாகத்துக்குள்தான் வருகின்றன. அதாவது சாலிகிராமத்து எடிட்டிங் அறை, அவள் அங்கே மாணவியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில், எங்கள் கல்லூரியின் ஒரு வகுப்பறை. 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பணியாளர் என்பதில் சம்பளம் பெறாதவரையும், பயிற்சி பெறுபவரையும் சேர்த்திருக்கிறது. 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். படத் தயாரிப்பு நிறுவனங்களும் உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் கல்லூரியை ஏற்கெனவே ஜாமீன்தாரராக நிறுத்திவிட்டது. கல்லூரிதான் அந்தத் தாளை இன்னும் சிபாரிசுக் கடிதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பயம் வருகிறது. ‘பொறுப்பு உங்களுடையது’ என்று சொன்னால் கல்லூரிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பூட்டு. ‘அப்படியானால் பெண்களை வெளியூர் அனுப்ப வேண்டாம், உள்ளூரிலேயே பகல் நேரத்தில் முடித்துக்கொள்ளட்டும்’ என்று அடுத்த சுற்றறிக்கை வரும். விடுதி வாசலை மாலையில் சாத்துவதைத்தான் நாம் பாதுகாப்பு என்று பழகியிருக்கிறோம். 2015-இல் டெல்லி மாணவிகள் ‘கூண்டை உடை’ என்ற பொருள்படும் ‘பிஞ்ஜ்ரா தோட்’ என்ற பெயரில் தெருவுக்கு வந்தது இந்தப் பூட்டை எதிர்த்துத்தான். மானியக் குழுவின் அதே ஒழுங்குமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் பாகுபாடான விதிகள் போடக்கூடாது என்றும் சொல்கின்றன. அந்த வரி எத்தனை விடுதிகளின் அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர்ந்தது?

ஆகவே இரண்டு சொற்களைப் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. காப்பாளர் வேறு, ஜாமீன்தாரர் வேறு. காப்பாளரின் கண் எப்போதும் பெண் மேலேயே இருக்கும். எங்கே போகிறாள், என்ன உடுத்துகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள். தவறு நேர்ந்தால் அவர் முதலில் விசாரிப்பதும் அவளையே. ஜாமீன்தாரருக்கு அவள்மேல் எந்த அதிகாரமும் இல்லை. அவள் போகலாம், வரலாம், இரவு வேலை பார்க்கலாம், வேண்டாம் என்று விட்டும் வரலாம். கொடுத்த வாக்கை மறுதரப்பு மீறினால் முன்னால் வந்து நிற்பதும், இழப்பைத் தன் கையிலிருந்து ஈடுகட்டுவதும்தான் அவர் வேலை. காப்பாளர் அவள் கைகளைக் கட்டுகிறார். ஜாமீன்தாரர் தன் கையைக் கட்டிக்கொள்கிறார். ‘அம்மா’ என்று அழைக்கப்படும் என்னைப் போன்ற ஆசிரியைகளுக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவை. அம்மா என்ற சொல் எங்களைக் காப்பாளர்களாக்கத் தயாராக இருக்கிறது. அன்பின் பெயரில் பூட்டு ஒன்று எங்கள் கையில் எப்போதும் இருக்கிறது.

“கல்லூரி நிபந்தனை போட்டால் எந்த நிறுவனம் நம் பிள்ளைகளை எடுக்கும்? ஆயிரம் பேர் இலவசமாக வேலை செய்யக் காத்திருக்கிறார்கள்” என்று என் சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பெண்கள் இருக்கும் குழு என்றாலே தொல்லை என்று ஆண்களை மட்டும் கேட்பார்கள் என்றும் சொல்கிறார்கள். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. சென்னையின் பெரிய நிறுவனத்துக்கு எங்கள் கடிதம் ஆயிரத்தில் ஒன்று. எங்கள் ஒரு கல்லூரி முகம் சுளித்தால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருத்திக்கு ஊதியம் கேட்கப்போய்ப் பத்துப் பேரின் வாய்ப்பு போனால் அந்தப் பத்துப் பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது நியாயமான கேள்வி.

அதற்குத்தான் ‘உள்ளூர்’ என்ற சொல்லை நாம் உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். இன்றைய காட்சித் தொழில் கோடம்பாக்கத்தில் மட்டும் இல்லை. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள், ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் விளம்பரப் படம் செய்கிறவர்கள், மாவட்டச் செய்தி சேனல்கள், யூடியூப் குழுக்கள், காரைக்குடி வீடுகளிலும் பொள்ளாச்சித் தோப்புகளிலும் வந்து இறங்கும் படக்குழுக்கள் என்று அது ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்திலிருந்து வந்தது. ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்தார்கள். அவர்களுடைய உழைப்பும் உற்சாகமும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்: காலமெல்லாம் பெண்கள் செய்த வேலைதான் இது. அதைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, கேமரா முன்னால் வைத்து, வருமானமாக்கும் சுதந்திரம் ஆண்களுக்கு முதலில் வாய்த்திருக்கிறது. பெண்களுக்குச் சமையல் தெரியும், இப்போது கேமராவும் தெரியும். வெளியும் அனுமதியும்தான் தாமதமாகின்றன.

இந்த உள்ளூர்த் தொழிலில் கல்லூரியின் எடை வேறு. ஸ்டுடியோ வைத்திருப்பவர் எங்கள் பழைய மாணவர். சேனல்காரருக்கு எடிட்டர் வேண்டுமென்றால் எங்கள் துறைக்குத்தான் போன் செய்கிறார். படக்குழு ஊருக்கு வந்தால் எங்கள் வளாகத்தையும் அரங்கத்தையும் கேட்கிறது. கேட்கிறவர்கள் இருக்கும் இடத்தில் நிபந்தனை சொல்லலாம். பொதுப்பணத்தைக் கொடுப்பவர் யாருக்கு முதலில் வாசல் திறப்பது என்று முடிவுசெய்ய முடியும் என்பதைக் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் காட்டியிருக்கிறது. பெண் இயக்குநர்களுக்கென்றே அது தனியாக நிதி ஒதுக்கியதால்தான் தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, மினி ஐ.ஜி.யின் ‘டிவோர்ஸ்’ ஆகிய படங்கள் உருவாயின. ஒரு கல்லூரியிடம் கோடிகள் இல்லை. ஆனால் பூட்டிவைத்த கேமராக்கள் இருக்கின்றன. மாலை 4 மணிக்கு ஆய்வகம் மூடிய பிறகும், மே மாத விடுமுறை முழுக்கவும் அவை பீரோவுக்குள் தூங்குகின்றன. படிப்பை முடித்து வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு தொடங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, அந்தக் கேமராவை ஒரு மாதம் கடன் கொடுத்தால் அவள் ஊரில் ஒரு வேலையைப் பிடித்துவிடுவாள். அந்த ஒரு மாத வருமானம் வீட்டுப் பேச்சின் திசையை மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜாமீன் நிற்பது என்றால் நடைமுறையில் என்ன என்று கேட்டால், பெரிய புரட்சி எதையும் நான் சொல்லவில்லை. அனுப்பும் தாளில் வேலை நேரம், சாப்பாடு, போக்குவரத்து, ஊதியம், புகார் சொல்ல வேண்டியவரின் பெயர் ஆகிய ஐந்தும் எழுதப்பட வேண்டும். நிறுவனமும் அதில் கையெழுத்திட வேண்டும். அவள் வேலை செய்த படைப்பில் அவள் பெயர் டைட்டிலில் வர வேண்டும். நிறுவனம் ஊதியம் தராது என்றால், அப்படியும் அனுப்பத்தான் வேண்டுமென்றால், அவளுடைய தங்குமிடச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். தன் பணம் போகும் என்றால்தான் எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்று கல்லூரி யோசிக்கும். முதல் வாரத்தில் ஒரு ஆசிரியர் அந்த இடத்துக்கு நேரில் போய்வர வேண்டும். அவளைக் கண்காணிக்க அல்ல. கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்க.

கல்லூரிக்குள்ளேயே உடனே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் என்று கருதப்படுபவர் தயாரிப்பாளர், இயக்குநர் இல்லை. தமிழில் ஆசிரியர் என்ற சொல் கற்பிப்பவரையும் குறிக்கும், படைத்தவரையும் குறிக்கும் என்பதால் இது எனக்கு எப்போதும் உறுத்தும். மாணவிகள் தங்கள் கைக்காசைப் போட்டு எடுக்கும் குறும்படங்களில் தயாரிப்பு என்ற இடத்தில் கல்லூரியின் பெயரைப் போடச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பெயர் போடுவது எளிது. நாளை அந்தப் படம் எங்காவது பரிசு வாங்கினால், யாராவது விலைக்குக் கேட்டால், உரிமை யாருக்கு என்று அன்றைக்குத்தான் கேள்வி வரும். லாபத்தில் தயாரிப்பாளராக இருக்க விரும்பும் கல்லூரி, நஷ்டத்தில் ஜாமீன்தாரராகவும் இருக்கட்டும். இரண்டும் வேண்டாமென்றால் டைட்டிலில் அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஒதுங்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில நிறுவனங்கள் எங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பும். சில பெண்களுக்கு வாய்ப்பு குறையும். அந்த இழப்பை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுத்தில் நிபந்தனை கேட்டதற்காகவே ஒரு நிறுவனம் விலகுகிறது என்றால், அந்த எழுத்து அங்கே தேவைப்பட்டிருக்கும் என்பதும் அதே நொடியில் தெரிந்துவிடுகிறது. இதுவரை அந்தத் தகவலைப் பெண்கள் தங்கள் உடம்பாலும் தூக்கத்தாலும் விலை கொடுத்துக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

ஆண்டறிக்கைகளில் எத்தனை பேரை அனுப்பினோம் என்று எழுதுகிறோம். மதிப்பீட்டுக் குழு வந்தால் அந்த எண்ணைத்தான் காட்டுகிறோம். நான் இன்னொரு எண்ணைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பாதியில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? மூன்றாம் நாளோ மூன்றாம் வாரமோ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு அதன்பின் என்ன ஆனது? அவளுக்கு மதிப்பெண் கொடுத்தோமா, ‘ஆப்சென்ட்’ போட்டோமா? ஏன் வந்தாய் என்று அவளைக் கேட்டோமா, அங்கே என்ன நடந்தது என்று அந்த நிறுவனத்தைக் கேட்டோமா? அடுத்த வருடமும் அதே இடத்துக்கு வேறொரு பெண்ணை அனுப்பினோமா? அவள் வேறு இடத்தில் மறுபடி தொடங்க, நம் பீரோவில் இருக்கும் கேமராவை எடுத்துக் கொடுத்தோமா? ஒரு கல்லூரி தன் ஊரின் படைப்புத் தொழிலைத் தாங்குகிறதா என்பதற்கு இந்தக் கேள்விகளுக்கான பதிலை நான் கணக்கில் எடுப்பேன். தவணை தவறிய நாளில்தான் ஜாமீன்தாரர் யாரென்று ஊருக்குத் தெரிகிறது.